மயிலும் அன்னமும் ஒரே சிவப்பு வட்டத்துக்குள்: சின்னத் தகராறுக் கடிதம் வந்தால் என்ன செய்வது?

கேள்வி: வெள்ளவத்தையில் வீட்டுக்குப் பின்னால் சின்னதாக ஓர் ஆலை வைத்து மிளகாய்த்தூள், சரக்குத்தூள், யாழ்ப்பாணத்துக் கறித்தூள் பக்கற் போட்டு விற்கிறோம். புறக்கோட்டை மொத்தக் கடைகள் மூலம் சரக்குப் போகிறது. 2017 முதல் எங்கள் சின்னம் சிவப்பு வட்டத்துக்குள் ஒரு வெள்ளை மயில். தொழிற்பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிந்திருக்கிறோம். போன வாரம் பெரிய உணவுக் கம்பனி ஒன்றின் சட்டத்தரணிகள் கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். சிவப்பு வட்டத்துக்குள் வெள்ளை அன்னம் அவர்கள் பதிவு செய்த சின்னமாம். எங்களுடையது அதைப் பார்த்துச் செய்ததாம். 14 நாளுக்குள் விற்பனையை நிறுத்தி, இருப்பை அழித்து, 50 இலட்சம் ரூபா கட்டாவிட்டால் வழக்காம். தம்பி அந்தக் கடிதத்தைப் படம் பிடித்து, 'ஏழை வயிற்றில் அடிக்கும் திருடர்கள்' என்று முகநூலில் போட்டுவிட்டான். அதைப் பார்த்த ஓர் இணையச் செய்தித்தளம் '50 இலட்சம் கேட்டு வழக்கு' என்று எழுதியிருக்கிறது. இப்போது ஒரு தொலைக்காட்சி பேட்டி கேட்கிறது. கொடுத்தால் கம்பனி பயந்து ஒதுங்கும் என்கிறான் தம்பி. என்ன செய்ய? (வாசகி, கொழும்பு 6)

பதில்: தொலைக்காட்சிக்கு இப்போது போகவேண்டாம். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன். அதற்கு முன் அந்தச் செய்தித்தளம் விட்ட பிழையை உங்கள் மனதிலிருந்தும் எடுத்துவிடுங்கள். உங்கள் மேல் வழக்கு எதுவும் இல்லை. வந்திருப்பது கோரிக்கைக் கடிதம் மட்டும். வழக்கு வந்தால் கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றத்தின் அழைப்பாணையோ கட்டளையோ பிஸ்கால் உத்தியோகத்தர் மூலம் கையில் கிடைக்கும்.

14 நாள் என்பதும் சட்டம் குறித்த தவணை அல்ல, கடிதம் எழுதியவர் போட்ட கணக்கு. அதற்காகச் சும்மா இருந்துவிடாதீர்கள். தவணை கடந்ததும் அவர்கள் நீதிமன்றம் போய், உங்களுக்கு அறிவிக்காமலே விற்பனையை நிறுத்தும் ஒரு தடுப்புக் கட்டளை கேட்க முடியும். கிடைத்தால் முதல் தடவை 14 நாளுக்கு மேற்படாமல் இருக்கும், பிறகு நீடித்துக்கொண்டே போகலாம். புறக்கோட்டைக் கடைக்காரருக்கு அந்தக் கட்டளையின் பிரதி ஒன்று போனாலே போதும், உங்கள் சரக்கை இறக்கமாட்டார்கள். அந்த மனுவில் 'கடிதம் அனுப்பினோம், பதிலே வரவில்லை' என்று ஒரு வரி இருந்தால் நீதிபதியிடம் நன்றாக எடுபடும். அந்த வரியை அவர்களுக்கு எழுதிக் கொடுக்காதீர்கள். புலமைச் சொத்து (சின்னம், படைப்பு போன்றவற்றின் உரிமை) வழக்குகளில் பழக்கமுள்ள ஒரு சட்டத்தரணி மூலம், தவணைக்குள், 'கடிதம் கிடைத்தது, பதிவேட்டைப் பரிசீலித்துப் பதில் தருகிறோம், அதற்கு இரண்டு கிழமை அவகாசம் வேண்டும்' என்று நாலு வரி அனுப்பினால் இப்போதைக்குப் போதும். இப்படியான அவகாசம் பெரும்பாலும் கிடைக்கும். எதையும் ஒப்புக்கொள்ளவும் வேண்டாம், மறுத்துச் சண்டை பிடிக்கவும் வேண்டாம்.

50 இலட்சத்தைப் பார்த்து நித்திரையைத் தொலைக்காதீர்கள். அவ்வளவு நட்டம் வந்தது என்று கேட்பவர்தான் காட்டவேண்டும். உண்மையான நட்டத்தைக் காட்ட முடியாதவருக்கு 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் வேறொரு வழி உண்டு. நட்டத்துக்குப் பதிலாக நீதிமன்றம் 50,000 ரூபாவுக்குக் குறையாமலும் 10 இலட்சத்துக்கு மேற்படாமலும் ஒரு தொகை விதிக்கலாம். உங்களைப் போன்றவர்களுக்கு உண்மையான ஆபத்து நட்டஈட்டில் இல்லை, தடுப்புக் கட்டளையால் சரக்கு நின்றுபோவதில்தான்.

அடுத்தது பதிவேடு. கொழும்பு 10, டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் சமாகம் மெதுர என்ற கட்டடம் இருக்கிறது. கம்பனிப் பதிவாளர் திணைக்களமும் அங்கேதான், தேசிய புலமைச் சொத்து அலுவலகமும் அங்கேதான். ஒரு மாடியில் பெயரைப் பதிந்துவிட்டு, மற்ற மாடியில் கிடைக்கும் உரிமையும் சேர்ந்து கிடைத்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருக்கும் வியாபாரிகள் ஏராளம். கம்பனிப் பதிவோ, நீங்கள் பிரதேச செயலகத்தில் எடுத்த தொழிற்பெயர்ப் பதிவோ, சின்னத்துக்கு உரிமை தரும் வியாபாரக் குறிப் பதிவு ஆகாது. மயில் உங்களுடையது என்று அந்தச் சான்றிதழில் எங்கும் இல்லை.

கடிதத்திலுள்ள பதிவு இலக்கத்தைக் கொண்டுபோய் அன்னத்தின் பதிவு விபரத்தை எடுங்கள். கடிதத்தில் இலக்கமே இல்லையென்றால் பதிலில் முதலில் கேட்கவேண்டியது அதைத்தான். பதிவு என்று சொல்லிக்கொண்டு வெறும் விண்ணப்பத்தைக் கையில் வைத்திருப்பவர்களும் உண்டு. விபரம் கிடைத்தால் முதலில் விண்ணப்பத் திகதியைப் பாருங்கள். அது 2017 க்குப் பிந்தியது என்றால் கதை தலைகீழாக மாறும். ஒருவர் ஏற்கெனவே இங்கே பாவித்துவரும் குறியை, பதிவு செய்யப்படாததாக இருந்தாலும், அந்தப் பாவனை தெரிந்த, அல்லது தெரியாமலிருந்திருக்க முடியாத ஒருவர் பின்னால் வந்து பதிந்துகொள்வதைச் சட்டம் தடுக்கிறது. பிறகு எந்தப் பொருள் வகுப்பில் பதிந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். மசாலாத்தூள், தேயிலை, கோப்பி எல்லாம் 30 ஆம் வகுப்பு. அவர்கள் பதிந்தது 29 ஆம் வகுப்பு ஊறுகாய்க்கும் தகரத்தில் அடைத்த மீனுக்கும் மட்டும் என்றால் பேரம் பேச இடம் உண்டு. முழுக்கத் தப்பிவிடலாம் என்று நினைக்கவேண்டாம், பொதுமக்கள் ஏமாறக்கூடிய வேறு பொருட்களுக்கும் உரிமையாளர் தடை கேட்கலாம். பதிவு 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா, அன்னத்தைக் கறித்தூளில் அவர்கள் உண்மையில் பாவிக்கிறார்களா என்றும் பாருங்கள். தொடர்ந்து 5 ஆண்டு நாட்டில் பாவிக்காத குறியை நீக்கும்படி கேட்க முடியும். கடைசியாக நிறம். சிவப்பு வட்டம் நிறத்தோடு பதியப்பட்டிருக்கிறதா, கறுப்பு வெள்ளைக் கோட்டோவியமாகவா? இதைப் பொறுத்துத்தான் பின்னால் உங்கள் பேரம் அமையும்.

இனி இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்ற கேள்வி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, 'மயிலுக்குக் கொண்டையும் தோகையும் இருக்கிறது, அன்னத்துக்குக் கழுத்து நீளம்' என்று உங்கள் தம்பி சொல்லுவார். எல்லோரும் விடும் பிழை இதுதான். கடைக்கு வருபவர் கையில் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பக்கற் இருக்காது. போன மாதம் வாங்கியதன் மங்கலான ஞாபகம் மட்டும்தான் இருக்கும்.

இந்திய உச்ச நீதிமன்றம் 1972 இல் தீர்த்த பார்லே பிஸ்கட் வழக்கு இதற்கு நல்ல பாடம். இந்தியத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது, ஆனால் கொழும்பில் வாதாடும் எவரும் எடுத்துக் காட்டக்கூடியது. பார்லேயின் உறையில் ஒரு பெண் பிள்ளை, பசுக்கள், கோழிகள், பின்னால் வேலி போட்ட பண்ணை வீடு. எதிராளியின் உறையிலும் ஒரு பெண், பசு, கோழி, பண்ணை வீடு. ஒருத்தி வாளி தூக்குகிறாள், மற்றவள் தலையில் புற்கட்டு வைத்திருக்கிறாள். கோழி வேறு, பசு வேறு. ஒன்றில் 'குளுக்கோ', மற்றதில் 'குளுக்கோஸ்'. கீழ் நீதிமன்றங்கள் இரண்டையும் வேறு வேறு என்றுதான் தீர்த்தன. உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. எத்தனை வித்தியாசம் என்று எண்ணுவதல்ல வேலை. அளவு, நிறம், மொத்த அமைப்பு ஒரு சாதாரண ஆளின் மனதில் என்ன பதிவை விடுகிறது என்பதுதான் கேள்வி என்றது.

இதை உங்கள் பக்கற்றுக்குப் பொருத்திப் பாருங்கள். கொட்டாஞ்சேனையில் ஒரு கடை. 50 கிராம் பக்கற்றுகள் சரமாகத் தொங்குகின்றன, காற்றாடியில் ஆடுகின்றன. முன்னால் நிற்பவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாமலிருக்கலாம், பக்கத்தில் நிற்பவருக்குச் சிங்களம் தெரியாமலிருக்கலாம். மூன்று மொழி நடமாடும் நகரத்தில் எழுத்தைவிடப் படம்தான் அதிகம் வேலை செய்கிறது. வீட்டிலிருந்து அனுப்பிய பிள்ளை 'குருவி போட்ட சிவப்புப் பக்கற்' என்றுதான் கேட்கும். அந்தப் பிள்ளைக்கு மயிலும் குருவி, அன்னமும் குருவி. உங்கள் கடிதத்தில் இருப்பதை மட்டும் வைத்துச் சொன்னால், சிக்கல் பறவையில் இல்லை. சிவப்பு வட்டமும் அதற்குள் வெள்ளை உருவமும் சேர்ந்து நிற்பதில்தான் இருக்கிறது. முருகனின் வாகனம் என்று மயிலைக் கைவிட உங்களுக்கு மனம் வராமலிருக்கலாம். நல்ல காலமாக, விடவேண்டியது அநேகமாக மயில் அல்ல.

ஒரு சோதனை செய்து பாருங்கள். இரண்டு பக்கற்றுகளும் தொங்கும் ஒரு கடையில், வாடிக்கையாளர் நிற்கும் இடத்திலிருந்து, கடையின் சாதாரண வெளிச்சத்தில் கைபேசியால் படம் எடுங்கள். ஸூம் பண்ணவேண்டாம். படத்தைச் சின்னதாக்கிப் பாருங்கள். எது எது என்று உங்களுக்கே ஒரு கணம் தடுமாறினால் சண்டையை விட்டு இணக்கத்துக்குப் போங்கள்.

சட்டத்தரணியிடம் போகும்போது எதை எடுத்துப்போவது என்று எழுதியே ஆகவேண்டும், ஏனென்றால் பெரும்பாலானோர் கட்டுக் கட்டாகப் பற்றுச்சீட்டைக் கொண்டுவந்து போடுகிறார்கள். பற்றுச்சீட்டில் உங்கள் பெயர் இருக்கும், சின்னம் இருக்காது. 2017 இல் மயில் இருந்தது என்று அது காட்டாது. வேண்டியது அச்சகம் அப்போது தந்த மாதிரி அச்சுப் பிரதி, அச்சு சிலிண்டர் வெட்டிய பில், திகதியோடு எடுத்த கடைப் படங்கள், பத்திரிகையிலோ கோயில் திருவிழா மலரிலோ கொடுத்த விளம்பரத்தின் முழுப் பக்கம். முழுப் பக்கம் என்றது திகதிக்காக; வெட்டியெடுத்த துண்டில் திகதி இருக்காது. வடிவமைத்தவரிடம் மூலக் கோப்பை வாங்குங்கள், அதிலிருந்து மாற்றிச் சேமித்த படத்தை அல்ல. அவர் மயிலைத் தானே வரைந்தாரா, இணையத்தில் இறக்கினாரா என்றும் கேளுங்கள். இறக்கியதென்றால் அதே மயில் நாளைக்கு வேறொருவரின் அரிசி மூட்டையிலும் வரலாம், நீங்கள் தடுக்கமுடியாது.

அந்த வடிவமைப்பாளரோடு பேசிய வட்ஸ்அப் உரையாடலையும் வாசித்துப் பாருங்கள். 'அந்த அன்னப் பக்கற் மாதிரிச் செய்து தாங்கோ' என்று ஒரு வரி அதில் இருந்தால் சட்டத்தரணிக்கு இப்போதே தெரியவேண்டும். அழிக்கவேண்டாம். அழித்தது பின்னால் தெரியவந்தால், வரியைவிட அழித்ததுதான் உங்களைக் கெடுக்கும். வாடிக்கையாளர் யாராவது அன்னக் கம்பனியின் சரக்கு என்று நினைத்து உங்களிடம் முறைப்பாடு செய்திருந்தால் அதுவும் அப்படித்தான். கசப்பாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

அன்னக் கம்பனி இத்தனை காலம் பேசாமல் இருந்தது உங்களுக்குச் சாதகமாகலாம். மூன்று கோடுகளைச் சின்னமாகக் கொண்ட விளையாட்டு உடைக் கம்பனி அடிடாஸ், 2007 இல் அமெரிக்க ஆடை வடிவமைப்பாளர் தொம் பிரவுனின் மூன்று கோடுகளை ஆட்சேபித்தது. அவர் நான்காக்கினார். அதன் பிறகு பல வருடம் சத்தமில்லை. 2021 இல் வழக்குப் போட்டார்கள். 2023 ஜனவரியில் நியூயோர்க் ஜூரி பிரவுன் பக்கம் தீர்த்தது. ஏன் இவ்வளவு காலம் சும்மா இருந்தீர்கள் என்பதும் அந்த விசாரணையில் பெரிதாகப் பேசப்பட்டது. இங்கே நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுப்பதா என்று யோசிக்கும்போதும் தாமதத்தைப் பார்க்கும். ஆகவே ஒரே வர்த்தகக் கண்காட்சியில் பக்கத்துப் பக்கத்துக் கூடம் போட்டது, அவர்களுடைய விற்பனைப் பிரதிநிதி உங்கள் பக்கற்றைக் கையில் எடுத்துப் பார்த்தது போன்றவற்றுக்கு ஆதாரம் இருந்தால் தேடி எடுங்கள்.

இப்போது ஊடகத்துக்கு வருவோம். தம்பி நினைப்பது முழுக்கப் பிழையில்லை. 2023 மார்ச்சில் அடிடாஸ், கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் போராடும் பிளாக் லைவ்ஸ் மேட்டர் அமைப்பு பதியக் கேட்ட மூன்று மஞ்சள் கோடுகளை எதிர்த்து அமெரிக்கப் பதிவு அலுவலகத்துக்கு எழுதியது. செய்தி பரவியதும் இரண்டு நாளில் வாபஸ் வாங்கிக்கொண்டது. 2020 இல் அப்பிள் கம்பனி பிரிபேர் என்ற சிறு சமையல் செயலியின் பேரிக்காய்ச் சின்னத்தை எதிர்த்தது. அந்தச் சிறு கம்பனி இணையத்தில் கையெழுத்து வேட்டை நடத்த, இரண்டரை இலட்சத்துக்கு மேல் கையெழுத்து விழுந்தது. இந்த இரண்டிலும் நடந்தது வழக்கே அல்ல, பதிவு விண்ணப்பத்துக்கு எதிர்ப்பு. உலகம் முழுக்கப் பல செய்திகள் 'அப்பிள் வழக்குத் தொடர்ந்தது' என்றே போட்டன. உங்கள் செய்தித்தளம் செய்ததும் அதேதான். 'கடிதம் அனுப்பியது' என்றால் யாரும் திறந்து வாசிக்கமாட்டார்கள், 'வழக்கு' என்றால் வாசிப்பார்கள்.

பிரிபேர் கதையின் முடிவு பலருக்குத் தெரியாது. 2021 பெப்ரவரியில் இணக்கம் வந்தது. பேரிக்காய் தப்பியது, அதன் இலையின் வடிவம் மாறியது. இரண்டரை இலட்சம் கையெழுத்துக்குப் பிறகும் முடிவு ஓர் இலையை மாற்றுவதில்தான் வந்து நின்றது. டில்லியில் ஸ்டார்பக்ஸ் என்ற பெரிய கோப்பிக் கம்பனியோடு மோதிய சர்தார்பக்ஷ் கோப்பிக் கடையை எடுங்கள். வட்டத்துக்குள் தலைப்பாகைக்காரர் படம், பெயரிலும் வேடிக்கை, ஊடகங்களுக்கு நல்ல தீனி. 2018 இல் டில்லி மேல் நீதிமன்றத்தில் பெயர் சர்தார்ஜி-பக்ஷ் என்று மாறவேண்டி வந்தது. சிரித்த செய்திகள் கடைக்காரருக்கு உதவவில்லை.

ஊடகத்தை அழைத்தால் அது உங்கள் பக்கமும் திரும்பும். டோக்கியோ ஒலிம்பிக்கின் முதல் சின்னம் 2015 ஜூலையில் வெளியானது. பெல்ஜியத்தின் லியேஜ் நாடக அரங்கின் சின்னம் போல இருக்கிறது என்று புகார் எழுந்தது. வடிவமைத்தவர் மறுத்தார், ஏற்பாட்டுக் குழுவும் அவர் பக்கம் நின்றது. பிறகு இணையத்தில் ஆட்கள் அவருடைய பழைய வேலைகளை எல்லாம் கிளறத் தொடங்கினார்கள். செப்டெம்பர் 1 இல் சின்னம் கைவிடப்பட்டது. எந்த நீதிமன்றமும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. உங்கள் சீரகத்தூள், மஞ்சள்தூள் லேபல்கள் எல்லாவற்றையும் யாராவது வரிசையாக வைத்துப் பார்த்தால் தாங்குமா என்று யோசியுங்கள்.

இன்னொன்று. தொலைக்காட்சி இரண்டு சின்னங்களையும் வெட்டியெடுத்து, வெள்ளைப் பின்னணியில், திரை முழுக்கப் பெரிதாக, பக்கத்தில் பக்கத்தில் காட்டும். கடையில் யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. வட்டத்தையும் நிறத்தையும் மட்டும் காட்டினால் நீங்கள் திருடர், தோகையையும் கழுத்தையும் காட்டினால் அவர்கள் அடாவடிக்காரர். வெட்டுபவரின் கையில்தான் எல்லாம். படம் கொடுத்துத்தான் ஆகவேண்டுமென்றால் சின்னத்தை மட்டும் கொடுக்காதீர்கள், பெயர் தெரிய முழுப் பக்கற்றின் முன்பக்கத்தைக் கொடுங்கள்.

தொடர்ந்து அழைத்தால் சொல்லவேண்டியது இவ்வளவுதான்: 'ஒரு கடிதம் கிடைத்தது உண்மை. வழக்கு எதுவும் இல்லை. எங்கள் சட்டத்தரணி பதில் அனுப்புகிறார்.' எழுத்தில் அனுப்புங்கள், கமெராவுக்கு முன் வேண்டாம். கமெரா முன் 'அவர்களுடைய பக்கற்றை நாங்கள் பார்த்ததே இல்லை' என்று ஒரு வார்த்தை வாய்தவறி வந்தால், அடுத்த நாளே அது அவர்களின் சத்தியக்கடதாசியோடு இணைப்பாக வந்து நிற்கும்.

தம்பியின் பதிவை உடனே கையாளவேண்டும். இலங்கையில் அவதூறு 2002 இலிருந்து குற்றவியல் குற்றம் அல்ல. ஆனால் சிவில் வழக்குப் போட்டு நட்டஈடு கேட்கலாம். போதாததற்கு, வியாபாரத்தில் மற்றவரின் தொழிலுக்குப் பொய்யாகவோ நியாயமற்ற விதத்திலோ களங்கம் கற்பிப்பதை நியாயமற்ற போட்டி என்று புலமைச் சொத்துச் சட்டமே சொல்கிறது. 'திருடர்கள்' என்ற சொல்லால், அதுவரை வெறும் சின்னப் பிரச்சினையாக இருந்த இடத்தில் அவர்களுக்கு இரண்டாவது வழக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டார். பதிவையும் கீழேயுள்ள கருத்துகளையும் திகதி தெரிய ஸ்கிரீன்ஷொட் எடுத்துச் சட்டத்தரணிக்குக் கொடுத்துவிட்டு, அவர் சொன்ன பிறகு சத்தமில்லாமல் எடுத்துவிடுங்கள். எடுத்ததற்கு விளக்கப் பதிவு போடவேண்டாம். வழக்கு வந்துவிட்டால் இன்னும் அவதானம் வேண்டும். நீதிமன்ற அவமதிப்புக்கு 2024 முதல் தனிச் சட்டமே இருக்கிறது.

செய்தித்தளத்துக்குத் திருத்தம் கேட்டு எழுதுங்கள். 'உங்கள் செய்தி பிழையானது, மன வேதனை தருகிறது' என்றால் ஆசிரியர் ஒதுக்கி வைத்துவிடுவார். எந்த வரி, அதற்குப் பதில் எந்த வரி என்று கொடுங்கள்: தலைப்பில் 'வழக்கு' என்பதற்குப் பதில் 'கோரிக்கைக் கடிதம்', உள்ளே 'இச்செய்தி எழுதும்வரை நீதிமன்றத்தில் வழக்கு எதுவும் தாக்கல் செய்யப்படவில்லை' என்று ஒரு வரி. இரண்டு நிமிட வேலையாக இருந்தால் செய்வார்கள். பத்திரிகை ஒன்றில் இதே பிழை வந்து, பதிலளிக்கும் உரிமையும் தரமாட்டோம் என்றால் இலங்கைப் பத்திரிகை முறைப்பாடுகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், கட்டணம் இல்லை. இந்தத் திருத்தத்தைக் கம்பனியின் சட்டத்தரணிகளும் பார்ப்பார்கள். நாகரிகமாகப் பேசக்கூடிய ஆட்கள் என்று அவர்களுக்குத் தெரிவது இணக்கப் பேச்சுக்கு நல்லது.

இணக்கம் என்றால் எப்படி? பேச்சு முழுவதும் வித்தவுட் பிரெஜுடிஸ் (உரிமைக்குப் பாதிப்பின்றி) என்ற தலைப்பில்தான் நடக்கவேண்டும்; அப்போதுதான் விட்டுக்கொடுத்துப் பேசியதை நாளைக்கு ஒப்புதல் என்று நீதிமன்றத்தில் காட்டமுடியாது. மயில் நிற்கும், வட்டமும் சிவப்பும் போகும் என்பது உங்கள் தொடக்க யோசனையாக இருக்கட்டும். பணம் எதுவும் இல்லை, குற்றத்தை ஏற்கவில்லை, அவரவர் செலவு அவரவருக்கு. இருப்பை அழிக்கவும் முடியாது. கடைகளில் தொங்குவதையும் கையிலுள்ள அச்சிட்ட பக்கற் ரோலையும் விற்றுத் தீர்க்க ஆறு மாதம் கேளுங்கள், மூன்றுக்கு இறங்கலாம். புதிய வடிவத்தை நிறத்தோடு அச்சடித்து ஒப்பந்தத்தோடு இணைத்து, நிற இலக்கத்தையும் எழுதி இரு பக்கமும் ஒப்பமிடவேண்டும்; இல்லையென்றால் செம்மஞ்சளும் சிவப்புத்தான் என்று அடுத்த வருடம் இன்னொரு கடிதம் வரும். நீங்கள் அதைப் பதியும்போது எதிர்ப்பதில்லை என்ற வாக்கும் அவர்களிடமிருந்து வேண்டும். பலர் இதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். ஊடகத்துக்கு இரு தரப்பும் சேர்ந்து ஒரே அறிக்கை விடுவதென்றும் எழுதிக்கொள்ளுங்கள். 2014 இல், தங்குமிடம் வாடகைக்குத் தேடித்தரும் எயார்பிஎன்பி கம்பனியின் புதிய சின்னம் ஒட்டோமேஷன் எனிவேர் என்ற மென்பொருள் கம்பனியின் சின்னத்தை ஒத்திருக்கிறது என்று இணையம் கேலி செய்தபோது, இரண்டு கம்பனிகளும் சேர்ந்து பேசித் தீர்த்துவருவதாகவும், மற்றக் கம்பனி வேறு சின்னத்துக்கு மாறுவதாகவும் சொன்னார்கள். பிறகு எழுத எவருக்கும் ஒன்றும் இருக்கவில்லை.

மாற்றும் செலவு நீங்கள் பயப்படும் அளவுக்கு வராமலிருக்கலாம். லமினேற் பக்கற் என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர். வட்டத்தின் சிவப்புக்குத் தனி சிலிண்டர் இருந்தால், அதே சிலிண்டரில் வேறு மை ஊற்றி நிறத்தை மாற்றலாம், புதிதாக வெட்டத் தேவையில்லை. வட்டத்தையே எடுப்பதென்றால் அந்தச் சிலிண்டரையும், மயிலின் ஓரம் வெட்டுப்படும் மற்றச் சிலிண்டரையும் மட்டும் மறுபடி வெட்டலாம். ஆனால் உங்கள் சிவப்பு மஜெண்டாவும் மஞ்சளும் கலந்து வருவது என்றால் மையை மாற்றினால் கீழேயுள்ள கறியின் படமும் கெட்டுவிடும். அச்சகக்காரரிடம் 'சிவப்பு தனி நிறமா, கலவையா?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் தெரிந்துவிடும். கம்பனியோடு பேச உட்காருமுன் கேளுங்கள். எதை எளிதாக விட்டுக்கொடுக்கலாம் என்பதை அந்தப் பதில்தான் சொல்லும்.

பதிவு விண்ணப்பத்தை இப்போதைய சின்னத்துக்குப் போடவேண்டாம், இன்னொரு முனையில் சண்டை தொடங்கும். வடிவம் முடிவானதும் 30 ஆம் வகுப்பில் புதியதைப் போடுங்கள். பெயரை எழுத்தாக மட்டும் தனி விண்ணப்பமாகவும் போடுங்கள், படம் எத்தனை தடவை மாறினாலும் பெயர் நிற்கும். ஒரு வகுப்புக்கு ஒரு விண்ணப்பம். முதலில் தேடுதல் செய்துகொள்ளுங்கள். பரிசீலனை முடிந்து வர்த்தமானியில் வந்த பின் 3 மாதம் எதிர்ப்புக்குத் திறந்திருக்கும். சான்றிதழ் கைக்கு வருமுன் பக்கற்றில் வட்டத்துக்குள் ஆர் எழுத்தைப் போட்டுவிடாதீர்கள், பதியாததைப் பதிந்ததாகக் காட்டுவது குற்றம்.

அச்சகத்தில் அடுத்த ரோலுக்கு ஓடர் கொடுத்திருந்தால் இன்றைக்கே நிறுத்திவையுங்கள். கடிதம் கிடைத்த பிறகு அடித்த ஒவ்வொரு ரோலும் தெரிந்தே செய்தது என்றாகிவிடும், விற்றுத்தீர்க்கும் அவகாசத்தில் அதைச் சேர்க்க அவர்கள் சம்மதிக்கவும் மாட்டார்கள். கையில் எத்தனை கிலோ ரோல் இருக்கிறது, எந்தத் திகதியில் அடித்தது என்று அச்சகத்திடம் எழுத்தில் வாங்கி, அந்தக் கடிதத்தையும் சட்டத்தரணியின் கோப்பில் போடுங்கள்.